அசை போடுதா?

மாட்டைப் பார்க்க வரச்சொல்லி யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அசை போடுதா?" காய்ச்சலையும் சாணியையும் பற்றி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். பேளுக்குறிச்சிச் சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் எடை தெரியும். "நேத்துப் பொழுது சாய வாயை மூடுனதுதானுங்க, இன்னும் அசைக்கலீங்க" என்று பதில் வந்தால் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுப்பேன்.

நல்ல நிலையில் இருக்கும் மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். இடப்பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டு. அங்கே முஷ்டியை அழுத்திவைத்துக் காத்திருந்தால் உள்ளே பெருவயிறு நிமிடத்துக்கு ஒரு முறை, சில மாடுகளில் இரண்டு முறை, உருண்டெழுந்து கையைத் தள்ளும். நாமக்கல்லில் 1985-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன்பே இதைத்தான் செய்யச் சொல்வார்கள். இன்றும் அதே வரிசையில்தான் பார்க்கிறேன்.

அந்தப் பள்ளம் அசையாமல் கிடந்தால் நோய்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. புதன்சந்தையிலிருந்து பிக்கப் வேனில் ஏற்றிவந்து, கொல்லிமலை அடிவாரத்து வீடு ஒன்றின் கட்டுத்தறியில் புதிதாகக் கட்டிய கறவை மாட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் இருக்காது. மூக்கு ஈரமாகவே இருக்கும். கண் மட்டும் அகல விரிந்து, காது வாசல் பக்கம் திரும்பியபடி நிற்கும். பெருவயிற்றில் அசைவே இருக்காது. பச்சைத் தீவனத்தை முன்னால் போட்டால் முகர்ந்துவிட்டு விலகிக்கொள்ளும். அதற்குப் பயம். அந்தப் பயத்துக்கு உடம்புக்குள் ஒரு ரசாயனம் இருக்கிறது. நரம்பின் நுனியில் சுரந்து அடுத்த நரம்புக்கோ தசைக்கோ சுரப்பிக்கோ சேதி கொண்டுபோகும் இப்படிப்பட்ட பொருள்களுக்கு நரம்புக் கடத்திகள் என்று பெயர். மாட்டாஸ்பத்திரி வாசலில் நான் அன்றாடம் பார்ப்பதில் பெரும்பங்கு அவற்றின் வேலைதான்.

பெருவயிற்றை அசையவைப்பது வேகஸ் என்ற நீண்ட நரம்பு. மூளையின் அடிப்பகுதியில் புறப்பட்டுக் கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், வயிறு எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகும். அது பேசும் மொழி அசிட்டைல்கோலின். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் ஓட்டோ லோவி என்பவர் 1921-ல் இதைக் கண்டுபிடித்த கதையை எங்கள் வகுப்பில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சோதனை எப்படிச் செய்ய வேண்டும் என்று கனவில் தோன்றியதாம். எழுந்து கிறுக்கிவைத்தார். காலையில் தன் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு. இம்முறை காத்திராமல் விடியும் முன்பே ஆய்வகத்துக்கு ஓடினார். துடிக்கும் தவளை இதயம் ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார்; துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தை நனைத்திருந்த நீரை எடுத்து, நரம்பு நீக்கிய இன்னொரு இதயத்தின் மீது விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு வெறும் மின்சாரத்தால் மட்டும் பேசுவதில்லை, ஒரு பொருளைச் சுரந்து பேசுகிறது என்பது அன்று நிரூபணமானது. 1936-ல் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பயம் வந்ததும் எதிர்ப்பக்கத்து நரம்புகள் ஆட்சியைப் பிடிக்கின்றன. அவற்றின் நுனியில் சுரப்பது நார் அட்ரினலின். இதை ஸ்வீடனின் உல்ஃப் வான் ஆய்லர் 1946-ல் உறுதிசெய்தார். சிறுநீரகத்தின் மேல் தொப்பியாக உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலின் ரத்தத்தில் கொட்டும். இதயம் வேகமாக அடிக்கும், ஈரலில் சேமித்துவைத்த சர்க்கரை ரத்தத்துக்கு வரும், ஓட்டத்துக்கும் சண்டைக்கும் வேண்டிய தசைகளுக்கு ரத்தம் திரும்பும். வயிறு நின்றுபோகும். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் எக்ஸ்ரே புதிதாக வந்த காலத்தில் பூனைகளின் வயிற்று அசைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை கலவரமடைந்ததும் அசைவு சட்டென்று நின்றுவிடுவதைக் கண்டார். எதிர்த்து நில் அல்லது ஓடு என்ற பெயரில் உலகமே அறிந்த விளக்கம் அந்தப் பூனைகளிடமிருந்துதான் தொடங்கியது. அவருடைய நூல் 1915-ல் வந்தது. வேனிலிருந்து இறங்கிய நம் மாட்டின் வயிறும் அந்தப் பூனைகளின் வயிறும் ஒரே காரணத்துக்காகத்தான் அடங்குகின்றன.

இந்த ரசாயனங்களைப் பகையாக நினைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்ப்பகந்தி என்ற நம் நாட்டு மூலிகையின் வேரிலிருந்து 1950-களின் தொடக்கத்தில் ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். நரம்பு நுனிகளில் சேர்த்துவைத்த நார் அட்ரினலின், டோபமின், செரட்டோனின் ஆகியவற்றை அது காலிசெய்துவிடும். ஸ்வீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன் 1957-ல் அதை முயல்களுக்குக் கொடுத்தார். காது தொங்கி, கண் பாதி மூடி, தொட்டாலும் நகராமல் கிடந்தன. எல்-டோபா என்ற மூலப்பொருளை ஊசியில் ஏற்றியதும் சிறிது நேரத்தில் காதை நிமிர்த்தி எழுந்தன. டோபமினை நாம் அறிந்துகொண்டது அந்த முயல்களால். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு. அந்த நிலையில் ஒரு முயலைக் கொல்லிமலைக் காட்டில் விட்டால் ஒரு ராத்திரி தாங்காது. ஓடத் தெரிந்ததால்தான் உயிர்கள் இன்றுவரை இருக்கின்றன. என் கவலை, ஓட வேண்டிய தேவை முடிந்த பிறகும் அந்த ரசாயனம் அடங்காமல் நிற்பதைப் பற்றித்தான்.

அதை நான் அதிகம் பார்ப்பது மடியில்.

ஒரு வீட்டில் இரண்டாம் ஈற்று கலப்பின மாடு. வாங்கி வந்தவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. "தரகர் முன்னாலயே ஆறு லிட்டர் கறந்து காட்டுனாங்க டாக்டருங்க. எங்கூட்டுக்கு வந்தும் ரெண்டைத் தாண்டலீங்க. சொரப்பே விட மாட்டேங்குது. ஒரு ஊசி போட்டு உட்டீங்கன்னா…" எந்த ஊசியைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆக்சிடோசின். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியின் பின்பகுதி அதைச் சுரக்கிறது. கன்று முட்டும்போதும், காம்பைக் கழுவித் தடவும்போதும், சில மாடுகளில் கறவைச் சொம்பின் சத்தம் கேட்டாலே கூட, அது ரத்தத்தில் இறங்கி மடியின் பாலறைகளைச் சுற்றியுள்ள மெல்லிய தசைகளைச் சுருக்கும். பால் கீழே இறங்கும். கறவை மாட்டின் பாலில் ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலுள்ள அறையில் தயாராக நிற்கும். மிச்சம் மேலே நுண்ணறைகளில் இருக்கும். எருமைக்கு அந்தத் தயார்ப் பால் இன்னும் குறைவு. ஆக்சிடோசின் வராவிட்டால் எப்பேர்ப்பட்ட கறவைக்காரர் இழுத்தாலும் கிடைப்பது அந்தத் தயார்ப் பால் மட்டும்தான்.

பயத்துக்கும் இதற்கும் என்ன உறவு என்பதை 1941-லேயே அமெரிக்காவில் ஈலியும் பீட்டர்சனும் காட்டிவிட்டார்கள். கறக்கத் தயாராக நின்ற மாட்டின் முதுகில் பூனையை விட்டார்கள், காகிதப் பைகளை ஊதி வெடித்தார்கள். பால் இறங்கவில்லை. பயமுறுத்தாமல் அட்ரினலினை மட்டும் ஊசியில் ஏற்றினாலும் அதுவே நடந்தது. அட்ரினலின் மடியின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி ஆக்சிடோசினை உள்ளே போகவிடாது. அந்தத் தசைகளையும் மசியவிடாது. மூளையும் அதைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆக மாடு பாலை வேண்டுமென்று ஒளிப்பதாக எண்ணி அதை அடிப்பவர், ஒவ்வொரு அடிக்கும் தன் சொம்பைத் தானே குறைத்துக்கொள்கிறார். இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஜெஃப் ரஷன் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வு. மாடுகளை முரட்டுத்தனமாக நடத்திய ஆள், கறக்கும் நேரத்தில் கை வைக்காமல் அருகில் நின்றாலே போதும், மடியில் தங்கிப்போகும் பால் 70 சதவீதம் கூடிவிடுகிறது.

ஊசி போட மாட்டேன் என்றதும் அவருக்குக் கோபம் வந்தது. நஞ்சுக்கொடி விழாத மாட்டுக்கும் ஈன்றபின் ரத்தப்போக்கு உள்ள மாட்டுக்கும் நானே ஆக்சிடோசின் போடுவேன். தினமும் இரு வேளை பால் இறக்க அதைப் போடுவது வேறு. மாடு சில நாளில் ஊசி இல்லாமல் சுரப்பு விடாது. தன் சுரப்பையே மறந்துவிடும். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும், பாலைப் பெருக்கவென்று உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசியைக் கறவை மாட்டுக்குப் போடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. அவரிடம் சொன்னேன்: "ஒரே ஆள் கறங்க. கன்னை முதல்ல ஊட்ட விடுங்க. நாயை அந்தப் பக்கம் கட்டுங்க. மடியைக் கழுவினதுக்கு அப்புறம் தாமதிக்காதீங்க, அஞ்சாறு நிமிஷத்துல முடிச்சிடுங்க." ரத்தத்தில் ஆக்சிடோசின் சில நிமிடங்களே தாங்கும் என்பதால்தான் அந்தக் கடைசிச் சொல். வீட்டு மூத்த அம்மா திண்ணையிலிருந்து, "அதைத்தானுங்க நானும் சொன்னேன், ஆரு கேக்கறாங்க" என்றார். கறக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார்கள். அந்த வாரத்துக்குள் பால் ஏறியது. புது இடம் பழகியதும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த அம்மாவின் கைதான் அந்தப் பழக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவந்தது என்று நம்புகிறேன்.

மாட்டுக்கு ஞாபகம் அதிகம். அதற்கும் நார் அட்ரினலின் காரணம். அச்சமான நேரத்தில் அது மூளையின் அமிக்டலா என்ற சிறு பகுதியில் சுரந்து, அன்று பார்த்ததையும் கேட்டதையும் முகர்ந்ததையும் ஆழமாகப் பதித்துவிடுகிறது. ஜேம்ஸ் மெக்கா என்ற ஆய்வாளர் இதை விளக்குவதில் பல பத்தாண்டுகள் செலவிட்டார். என் மோட்டார் சைக்கிள் சத்தம் சந்து முனையில் கேட்டதும் முளைக்குச்சியைச் சுற்றி ஓடத் தொடங்கும் மாடுகள் இந்த அடிவாரத்தில் நிறைய உண்டு. எப்போதோ ஒரு காய்ச்சல் நாளில் கழுத்தில் ஏறிய ஊசியை அவை மறக்கவில்லை. அதனால் வண்டியைத் தள்ளியே நிறுத்திவிட்டு நடந்து போகிறேன். ஊசி போட வேண்டியிராத நாளிலும் மாட்டின் தாடையைச் சொறிந்துவிட்டு வருகிறேன். பக்கவாட்டிலிருந்து அணுகுகிறேன், ஏனென்றால் நேர் பின்னால் அதற்குக் கண் தெரியாது. சிறிய வயதில் இப்படி நேரத்தைக் கடத்துவதாக மூத்தவர்கள் சொன்னதுண்டு. நான் மாற்றிக்கொள்ளவில்லை.

முரட்டுக் காளைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது இந்தப் பொறுமை இன்னும் கட்டாயமாகிறது. நாங்கள் அதிகம் நம்புவது ஸைலசின். அது வேலைசெய்யும் விதம் அழகானது. நார் அட்ரினலின் அளவு மீறிப் போனால் அதைச் சுரந்த நரம்பு நுனியே அதை உணர்ந்து, போதும் என்று சுரப்பை நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது. ஸைலசின் அந்த உணர்விடத்தில் போய் உட்கார்ந்து, போதும் என்ற அதே கட்டளையைக் கொடுக்கிறது. குதிரைக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு மாட்டுக்குப் போதும். ஆனால் காளையை நாலு பேர் கயிறு போட்டு இழுத்து, கத்தி, வாலை முறுக்கி, அதன் பிறகு ஊசி போட்டால் மருந்து தோற்றுப்போகும். ரத்தத்தில் அதற்குள் அட்ரினலின் பெருகியிருக்கும். மருந்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கொஞ்ச நேரத்தில் காளை அமைதியடையும்போது அத்தனையும் ஒன்றாக வேலைசெய்து, மூச்சு மெதுவாகி, வயிறு உப்பி ஆபத்தாகிவிடும். அதை மீட்க யோஹிம்பின் என்ற மாற்று மருந்து தேவைப்படும். கிராமத்தில் அது கைவசம் இருக்க வேண்டுமே.

கொம்பு முறிந்து ரத்தம் வடிந்த காளை ஒன்றுக்கு வைத்தியம் பார்த்தபோது ஊரே கூடிவிட்டது. வேண்டாத எல்லாரையும் களத்தை விட்டு வெளியே அனுப்பச் சொன்னேன். அதை வளர்த்த இளைஞன் மட்டும் கயிற்றைப் பிடித்திருந்தான். "தம்பி, அதுகிட்ட நீ வழக்கமா என்ன பேசுவியோ அதைப் பேசு" என்றேன். முதலில் வெட்கப்பட்டான். பிறகு தீவனக் கணக்கையும் தன் அக்கா கல்யாணத்தையும் பற்றி அதனிடம் சொல்லத் தொடங்கினான். காளையின் மூச்சு இறங்கும் வரை நான் ஊசியைக் கையில் எடுக்கவில்லை. குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. தலையைத் தொங்கப்போட்டு நின்றபடியே கொம்பைச் சுத்தம் செய்ய விட்டது.

எதிர்மாறான வழக்குகளும் வரும். இந்தக் கடத்திகள் தட்டுக்கெட்டுப் போனால் விலங்கு என்னவாகும் என்பதை விஷமும் கிருமியும் காட்டிக்கொடுக்கும். உண்ணி ஒழிக்க வயல் மருந்தையே மாட்டின் மேல் தெளித்துவிடுவார்கள். ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்தாக இருந்தால், அசிட்டைல்கோலினைச் சேதி முடிந்ததும் சிதைக்க வேண்டிய நொதியை அது முடக்கிவிடும். முடிந்த சேதி முடியாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கும். வாயிலிருந்து எச்சில் கயிறாக ஒழுகும், கண்மணி ஊசிமுனை அளவு சுருங்கும், தோல் துடிக்கும், மூச்சுக்குழாயில் நீர் கட்டும். மாற்று மருந்தான அட்ரோபின் போடத் தொடங்கினால் எச்சில் வறண்டு கண்மணி விரியும் வரை நிறுத்தக் கூடாது. மறுநாள் பெருவயிறு அசையாது; அட்ரோபின் அங்கேயும் வேகஸின் வாயை மூடியிருக்கும். மாட்டுக்காரர் பதறிக்கொண்டு வருவார். இது மருந்தின் வேலை, திரும்பிவிடும் என்று முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது. உடம்பையும் சோப்பு நீரால் கழுவியாக வேண்டும், இல்லையேல் தோல் வழியே விஷம் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆட்டுக் குட்டிகளுக்கு விதை நசுக்கிய பிறகோ, காதில் வில்லை மாட்டிய பிறகோ வரும் ரண ஜன்னி இன்னும் கொடுமையானது. புண்ணில் வளரும் கிருமியின் நஞ்சு நரம்பு வழியாகவே தண்டுவடத்துக்கு ஏறி, கிளைசின், காபா என்ற இரண்டு கடத்திகளைச் சுரக்கவிடாமல் தடுத்துவிடும். இவை இரண்டும் நரம்பு மண்டலத்தை அடக்கிவைப்பவை. இவை இல்லாத உடம்பு, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் இல்லாமல் இறங்கும் லாரி. கால் விறைத்து, வால் தூக்கி, தாடை பூட்டிக்கொண்டு நிற்கும் வெள்ளாட்டுக் குட்டி, அருகில் ஒரு பாத்திரம் விழுந்தாலே முழு உடம்பும் வில்லாக வளைந்து துடிக்கும். எதிர்நஞ்சும் பென்சிலினும் கொடுப்போம். காபாவின் வேலையைத் தூக்கிவிடும் டயசெபாம் போடுவோம். அவற்றோடு, இருட்டறை, காதில் பஞ்சு, யாரும் பேசக் கூடாது என்பதும் சீட்டில் எழுதித் தருவேன். அதை மருந்தாகவே எடுத்துக்கொண்ட வீடுகளில்தான் சில குட்டிகள் பிழைத்தன.

மான்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோடையில் காட்டில் தண்ணீர் வற்றியதும் புள்ளிமான்கள் கொல்லிமலை, போதமலை அடிவாரத் தோட்டங்களுக்கு இறங்கும். நாய்கள் துரத்தும். சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் எங்கும் இருக்கின்றன. அப்படி விழுந்த ஒரு பெண்மானை வலை இறக்கித் தூக்கினார்கள். மேலே வந்ததும் கூட்டம் கைதட்டியது, போன்கள் நீண்டன, குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். காயம் எதுவும் இல்லை. நான் தொட்டபோது உடம்பு அனலாக இருந்தது, வெப்பமானி 41 டிகிரியைத் தாண்டியது. கழுத்து நரம்பு தெறித்தது. அடுத்த நாள் பின்னங்கால்கள் ஊன்றவில்லை. சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தது. மூன்றாம் நாள் இறந்தது. அறுத்துப் பார்த்தபோது தொடைத் தசையெங்கும் வெளிறிய கோடுகள்.

பிடிபட்ட விலங்குக்கு வரும் தசைச் சிதைவு என்று பாடப் புத்தகத்தில் இது இருக்கிறது. மான், முயல், நீண்டகால் பறவைகள் இதற்கு எளிதில் பலியாகும். அட்ரினலினும் நார் அட்ரினலினும் மானுக்குத் தருவது சில நிமிட ஓட்டத்துக்கான எரிபொருள். செந்நாயோ சிறுத்தையோ துரத்தினால் அந்தச் சில நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். தப்பிய மான் தூரத்தில் நின்று உடம்பை உதறிவிட்டு மேயத் தொடங்கும். கிணற்றுக்குள் ஓட்டம் முடியவில்லை. ஓட இடமும் இல்லை. தசைகள் ஆக்சிஜன் பற்றாமல் லாக்டிக் அமிலத்தை நிரப்பிக்கொண்டு உடைகின்றன. உள்ளிருந்த பொட்டாசியம் இதயத்தைத் தாக்குகிறது. உடைந்த தசையிலிருந்து கசியும் மையோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கிறது. மேலே தூக்கிய பிறகு கைதட்டிய ஒவ்வொரு நிமிடமும் மானுக்குக் கிணற்றின் நீட்சிதான். மக்கள் அன்பாகத்தான் கைதட்டினார்கள். மனிதக் கூட்டத்துக்கும் நாய்க் கூட்டத்துக்கும் அந்த மூளையில் வேறுபாடு இல்லை என்பதை அவர்களுக்கு யாராவது முன்னமே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது வனத்துறையினர் அழைத்தால் நான் முதலில் கேட்பது கறுப்புத் துணி. வலையிலேயே கண்ணைக் கட்டிவிட்டால் இதயத் துடிப்பு இறங்குவதைக் கையால் உணரலாம். மூன்று பேருக்கு மேல் அருகில் வேண்டாம், பேச்சு வேண்டாம், தண்ணீரால் உடம்பைக் குளிர்வி, நெஞ்சை நிமிர்த்தி உட்காரவை, காயம் இல்லையேல் ஊருக்குக் கொண்டுவராதே, பக்கத்துக் காட்டு விளிம்பிலேயே விடு. மருத்துவம் பார்க்கிறேன் என்று ஒரு நாள் கூண்டில் வைத்திருப்பது பல மான்களுக்கு நாயை விட மோசம். இதைச் சொல்லும்போது சிலருக்கு நான் கைகழுவுவதாகத் தோன்றுகிறது. என் அனுபவத்தில் விரைவில் விட்ட மான்களே பிழைத்தன.

நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு கோழியை விட்டுவிட்டால் குற்றமாகும். ஒரு கோழியை மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சில் லேசாக அழுத்திக் கையை எடுங்கள், செத்ததுபோல் கிடக்கும். இரை பிடித்த விலங்கின் பிடி தளரும்வரை காக்கும் கடைசி உபாயம் அது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடக்கிறதோ அவ்வளவு பயந்த பட்டி என்று கணிக்கிறோம். ஒன்றையொன்று இறகு கொத்தும் பண்ணைகளில் வெளிச்சம், இடநெருக்கடி, தீவனம் எல்லாவற்றையும் பார்ப்போம். இறகு கொத்தும் இயல்புடைய இளம் குஞ்சுகளின் மூளையில் செரட்டோனின் புழக்கம் குறைவாக இருப்பதை நெதர்லாந்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; செரட்டோனினின் மூலப்பொருளான டிரிப்டோபன் சேர்த்த தீவனம் அதை ஓரளவு தணித்தது. தீபாவளி இரவில் கறிக்கோழிக் கொட்டகைப் பக்கம் வெடி வெடித்தால் குஞ்சுகள் ஒரு மூலையில் குவிந்து அடியில் இருப்பவை மூச்சுத் திணறிச் சாகும். அன்றிரவு விளக்கை மங்கலாக எரியவிட்டு, தெரிந்த ஆள் ஒருவர் உள்ளே உலாவிக்கொண்டிருந்தால் இழப்பு குறையும்.

நீண்ட நாள் பயம் வேறு வகை. அதைப் பிடித்துக் காட்டியவர் ஹான்ஸ் செல்யே. 1936-ல் எலிகளிடம் அவர் கண்டது அட்ரினல் சுரப்பி வீங்குவதும், நோய் எதிர்க்கும் தைமஸ் சுருங்குவதும், இரைப்பையில் புண் வருவதும். தமிழில் எங்கள் துறை இதை அயர்ச்சி என்கிறது. சாலையோரம் லாரி ஹாரனுக்கும் தெருநாய்க்கும் நடுவே, நிழலில்லாமல், குட்டைக் கயிற்றில் கட்டிய மாடு நன்றாகத் தின்னும். ஆனால் பருவத்துக்கு வராது, வந்தாலும் சினை தங்காது. நீண்ட நாள் பயத்தில் அட்ரினல் சுரப்பி விடாமல் சுரக்கும் கார்டிசால், கருமுட்டையை வெளியேற்றும் ஹார்மோனை அடக்கிவிடும். சினை ஊசியை மாற்றி மாற்றிப் போடுகிற செலவில் பாதிக்கு அந்த மாட்டின் இடத்தை மாற்றிவிடலாம்.

கோமாரித் தடுப்பூசி முகாம்களில் என்னால் ஆனதைச் செய்துவருகிறேன். 2019-ல் தேசியத் திட்டம் தொடங்கிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி, 12 இலக்க எண் கொண்ட காது வில்லை என்று வேலை கூடியிருக்கிறது. எல்லா மாட்டையும் ஒரே மைதானத்துக்கு ஓட்டிவரச் சொல்வது எங்களுக்கு எளிது. நானும் உடன் வரும் உதவியாளரும் விடியும் நேரத்தில் கட்டுத்தறிக்கே போய், தவிடு தின்னும்போது ஊசியைப் போட்டுவிடுகிறோம். ஒரு மாடு பயந்து கத்தினால் பக்கத்து மாடு அதன் சிறுநீரின் வாடையிலேயே கலவரமாகும். தனித்தனிக் கட்டுத்தறியில் அந்தத் தொற்று இல்லை. அதிக நேரம் பிடிக்கிறது என்று கேட்டால், பிடிக்கிறது என்றுதான் சொல்வேன்.

மிச்சமிருப்பது சந்தைகளும் வேன்களும். பின்கதவைத் திறந்து மாட்டை மூன்றடி உயரத்திலிருந்து குதிக்கவைக்கிறார்கள். முட்டி உடைவதைப் பார்க்கிறோம். அந்தக் குதியில் கொட்டும் அட்ரினலின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த மாடு வாங்கியவர் வீட்டில் மூன்று நாள் பால் தராமல் நிற்கும்போது ஊசி கேட்டு என்னிடம் வருகிறார்கள். இறக்கத் தேவைப்படுவது வேன் தளத்தின் உயரத்துக்கு ஒரு மண்மேடு, அதன் இரு பக்கமும் வெளியே தெரியாதபடி தென்னங்கீற்றுத் தட்டி, ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு டிராக்டர் மண்ணும் ஒரு நாள் கூலியும் ஆகும். அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கும்படி அடிவார ஊர்களில் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். அளவுகள் குறித்த வரைபடம் என்னிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்குத் தருகிறேன்.